கரட்டின் மேல் நின்றால் வலசை தெரியுமா?

கரட்டுக்காத்தான் (மேலூர்)

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு கரடு (சின்னப் பாறைக் குன்று) இருக்கிறது. உச்சியில் சின்ன முருகன் கோயில், அதற்குப் பின்னால் வழுக்குப்பாறை, சுற்றிலும் கண்மாய்கள். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை ஞாயிறுதோறும் காலை 9 முதல் 12 வரை உச்சியில் ஒரே இடத்தில் நின்று, வலசையில், அதாவது பருவத்துக்கேற்ப இடம்பெயரும் பயணத்தில், தலைக்கு மேல் கடந்து போகும் பறவைகளை எண்ணலாம் என்று இருக்கிறேன். தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், சூறைக்குருவி, பூனைப்பருந்து எல்லாம் பகலில் போகிறவைதானே? எந்தத் திசையில் போயின என்பதையும் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் ஏற்றுவேன். இதில் பிரயோஜனம் உண்டா? கூட நிற்க யாராவது வருகிறீர்களா?

உள்ளான் (வேதாரண்யம்)

பிரயோஜனம் உண்டா என்று நீங்களே கேட்டதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. மலையுச்சியில் நின்று வலசை பார்ப்பதற்கு இடம் வாய்க்க வேண்டும். ஜார்ஜியாவில் பாதுமியைப் பாருங்கள். ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் மலைகள். பருந்தும் கழுகும் மேலெழும் வெப்பக்காற்றில் ஏறித்தான் மிதந்து போகும். தண்ணீருக்கு மேல் அது எழும்பாது என்பதால் கடலைத் தவிர்த்து அந்தச் சந்து வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் ஒரே பருவத்தில் 10 லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள். மேலூரில் எது அவற்றை நெருக்கப் போகிறது? நாலா பக்கமும் வெட்டவெளி. வருகிறவை அகலமாகச் சிதறித்தான் வரும்.

அப்புறம், சிறு பறவைகளில் பாதிக்கு மேல் ராத்திரிப் பயணிகள். ஆறுமணிக்குருவி, கதிர்க்குருவி, பழுப்புக் கீச்சான் எதையும் உங்கள் தலைக்கு மேல் பகலில் பார்க்க மாட்டீர்கள். விடிந்தால் ஏதாவது புதரில் இருக்கும், அவ்வளவுதான்.

வலசை பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கு வாருங்கள். நிலம் கூராகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது, எதிரே இலங்கை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960களிலேயே அங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் போட்டது சும்மா இல்லை.

மலையருவி (போடி)

உள்ளான் அண்ணன் சொல்லும் சந்து இங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லாரும் கோடியக்கரையிலேயே குவிந்தால் உள்நாட்டில் என்ன நடக்கிறது என்று யார் எழுதுவது? கோடியக்கரைக்கு வருகிற பறவை வானத்திலிருந்து நேராக அங்கே குதிக்கவில்லையே. புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்திருக்கும் படம் வருஷாவருஷம் எல்லாக் குழுவிலும் வருகிறது. அதெல்லாம் கடற்கரை ஊர்களில் எடுத்தது மட்டுமா?

கரட்டுக்காத்தானுக்கு ஒரு யோசனை. அக்டோபரில் தட்டானையும் எண்ணுங்கள். உலகம் சுற்றும் அந்தச் சின்ன மஞ்சள் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். நன்னீரே தேங்காத மாலத்தீவில் வருஷந்தோறும் அக்டோபரில் திடீரென்று தட்டான் கூட்டம் வருவதைக் கவனித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். அமூர் வல்லூறு என்ற சின்ன வேட்டைப் பறவை அரபிக்கடலைத் தாண்டுவதும் கிட்டத்தட்ட அதே பருவத்தில், அதே காற்றில். 2013-இல் நாகாலாந்தில் இடங்காட்டும் கருவி பொருத்தி விட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, பாங்தி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். தீபகற்பத்தைக் கடந்து, கடலையும் தாண்டித்தான் ஆப்பிரிக்கா போயின. அதில் ஒன்றாவது ஒரு நாள் நம் கரட்டின் மேல் போகாதா?

உள்ளான் (வேதாரண்யம்)

போகலாம் மலையருவி. கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போனால் கரட்டுக்காத்தான் நோட்டில் என்ன எழுதுவார்?

என் பெரிய சந்தேகம் வேறு. ‘தெற்கே 40 தகைவிலான்’ என்று எழுதுகிறீர்கள். அது வலசையா, இல்லை ராத்திரி நாணலில் அடைந்த கூட்டம் அடுத்த கண்மாய்க்கு மேயப் போகிறதா? சுற்றிலும் கண்மாய் என்று நீங்களேதான் சொன்னீர்கள். பஞ்சுருட்டானும் அப்படித்தான். பருந்து என்றால் இன்னும் மோசம். பக்கத்திலேயே அரிட்டாபட்டி மலைகள். லகர் வல்லூறும் ராஜாளியும் அங்கேயே வருஷம் முழுக்கக் குடியிருக்கின்றன. மேலே வட்டமடிப்பதையெல்லாம் வலசைக் கணக்கில் சேர்த்தால் அது கணக்கில்லை, ஆசை.

கரட்டுக்காத்தான் (மேலூர்)

அண்ணே, 9 மணிக்கு ஆரம்பிப்பதே அதற்காகத்தான். அடையும் இடத்திலிருந்து மேயக் கிளம்புவதெல்லாம் விடிந்த கையோடு முடிந்துவிடும். பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்ப 9, 9:30 ஆகும். பருந்துகள் அதற்குப் பிறகுதான் உயரம் பிடிக்கும். வட்டமடித்துவிட்டு அதே பாறைக்குத் திரும்பினால் உள்ளூர்க்காரன். உயரம் ஏறி, சிறகை விரித்தபடி ஒரே கோட்டில் தெற்கே நழுவிப் போனால் பயணி. சந்தேகமானதைத் தனிப் பத்தியில் போடுவேன்.

இன்னொன்று, மார்கழியிலும் தையிலும் இதே நேரத்தில் இதே இடத்தில் நிற்பேன். அப்போது வந்தவை வந்து தங்கியிருக்கும், கடந்து போகிறவை இருக்காது. அப்போதும் தெற்கே அதே அளவு தகைவிலான் போனால் நீங்கள் சொன்னது சரி, அது மேய்ச்சல்தான். அக்டோபரில் மட்டும் கூடுதலாக இருந்தால் நான் சொன்னது சரி.

உள்ளான் (வேதாரண்யம்)

மார்கழிக் கணக்கு நல்ல யோசனை. முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன்.

புதுசு_தேனி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பூனைப்பருந்தையும் கரும்பருந்தையும் உயரத்தில் எப்படிப் பிரிப்பது?

மலையருவி (போடி)

வாலைப் பாருங்கள். கரும்பருந்துக்கு வால் நுனி கவட்டையாகப் பிளந்திருக்கும். பூனைப்பருந்துக்கு நீளமான நேர் வால். சிறகை ஆங்கில ‘வி’ போல மேலே தூக்கியபடி மிதக்கும்.

பாறை ஆந்தை (திண்டுக்கல்)

எல்லாரும் எண்ணுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வழுக்குப்பாறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்துக் கரடுகளில் கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில்தான் முட்டையிடும். நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். ராஜாளியும் அதையொட்டித்தான் கூடு கட்டத் தொடங்கும். வாரா வாரம் ஐந்தாறு பேர் முக்காலியும் குடையுமாக உச்சியில் மூன்று மணி நேரம் நின்றால், கீழே அடைகாக்கும் பறவை எழுந்து போய்விடும். வெயிலில் முட்டை என்ன ஆகும்? 2022-இல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். உங்கள் கரட்டுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. இப்போது மார்கழி, தையும் சேர்ந்துவிட்டது. மிகவும் மோசமான மாதங்களை நீங்களே தேடித் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

கரட்டுக்காத்தான் (மேலூர்)

கார்த்திகை தீபத்தன்று ஊரே ஏறுகிறது. வேட்டுப் போடுகிறார்கள். நாலு பேர் சத்தமில்லாமல் நிற்பதா அதைவிடக் கெடுதல்?

பாறை ஆந்தை (திண்டுக்கல்)

அது ஒரு ராத்திரி. அதுவும் கோயில் பக்கம், படிக்கட்டோடு சரி. நீங்கள் நிற்கப் போவது பாறைப் பக்கம், வாரா வாரம். ஊர் செய்கிறது என்பதற்காகப் பறவை பார்க்கிறவனும் செய்யலாமா?

கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். கரடு முழுக்கத் தெரியும், மேலே வானமும் தெரியும்.

கரட்டுக்காத்தான் (மேலூர்)

நிற்க வசதியான கண்மாய்க் கரை கரட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வருகிறவை வடக்கேயிருந்து வரும். கரடே மறைத்துவிடும், தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். சரி, இப்படிச் செய்தால் என்ன? அக்டோபர் கடைசி வரை கோயில் படிக்கட்டில், பாறைப் பக்கம் போகாமல். நவம்பரிலிருந்து கண்மாய்க் கரையில்.

உள்ளான் (வேதாரண்யம்)

பாறை ஆந்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி, பாதியில் இடத்தை மாற்றினால் உங்கள் மார்கழி ஒப்பீடு போச்சு. அக்டோபரில் படிக்கட்டில் எண்ணியதையும் மார்கழியில் கரையில் எண்ணியதையும் எப்படி எதிரெதிரே வைப்பீர்கள்? முதல் நாளிலிருந்தே கரையில் நில்லுங்கள். குறைவாகத்தான் தெரியும். ஆனால் எல்லா மாதமும் ஒரே மாதிரி குறைவாகத் தெரியும்.

மலையருவி (போடி)

அக்டோபரில் மட்டும் படிக்கட்டில் ஒருவர், கரையில் ஒருவர் என்று ஒரே நேரத்தில் நின்றால்? கரடு எவ்வளவு மறைக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு ஞாயிறு நான் போடியிலிருந்து வருகிறேன்.

பாறை ஆந்தை (திண்டுக்கல்)

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கூடு கண்ணில் பட்டால் அதை மட்டும் இ-பேர்டில் இடத்தோடு போடாதீர்கள். கேமராக்காரர்கள் மறுநாளே கயிற்றோடு வந்துவிடுவார்கள்.

உள்ளான் (வேதாரண்யம்)

கரையோ படிக்கட்டோ, காற்றுத் திசையையும் மேகத்தையும் மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். செப்டம்பரில் மேற்கேயிருந்து காற்று அடிக்கும். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை பிடித்தால் காற்று அப்படியே திரும்பும், மூடாக்கு போட்டால் வெப்பக்காற்றும் எழும்பாது. அன்று பருந்து வராததற்கு வலசை முடிந்தது காரணமா, மேகம் காரணமா என்று உங்கள் தாளைப் பார்த்தால் தெரிய வேண்டும். அது இல்லாமல் வெறும் எண்ணிக்கையை மட்டும் இங்கே கொண்டுவந்து போட்டால் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.