பழைய வீவக வீடு வாங்கியாச்சு: ஹீட்டர், மெயின், சுற்றுகிற மீட்டர், எதை முதலில் பார்ப்பது?

அமோகியோ_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் அங் மோ கியோ வட்டாரத்தில் 1979ல் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை அடுக்குமாடி வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கியிருக்கிறோம். விற்றவர்கள் வயதான தம்பதி, வீட்டைத் துடைத்து வைத்த மாதிரிதான் கொடுத்தார்கள், ஆனால் மின்சார சமாச்சாரம் எதையும் முப்பது வருஷமாகத் தொட்டதில்லை போலிருக்கிறது.

பெரிய குளியலறையில் பொய்க்கூரைக்கு மேலே தொட்டி ஹீட்டர், 25 லிட்டர் இருக்கும். வெளியே அதன் சுவிட்ச் பழுத்து மஞ்சளாகி, ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. அரைமணி நேரம் போட்டு வைத்தால் அந்த ஓரத்தில் விரல் வைத்தாலே கதகதப்பு தெரிகிறது. இன்னொரு குளியலறையில் உடனடி ஹீட்டர், அதற்கு மூன்று முள் பிளக் போட்டு, அடுப்படியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துச் செருகியிருக்கிறார்கள். டிபி பெட்டியை, அதாவது வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியை, திறந்தால் உள்ளே பீங்கான் பியூஸ். மெயின் சுவிட்சில் 30 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

மீட்டர் வெளியே தாழ்வாரத்துப் பெட்டியில், அலுமினியத் தட்டு சுற்றுமே அந்தப் பழைய வகை. முதல் பில் 240 வெள்ளிக்கு வந்திருக்கிறது. நாங்கள் இன்னும் முழுசாகக் குடியேறக்கூட இல்லை.

ரெனவேஷன் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முழு வயரிங், இரண்டு ஹீட்டர், மூன்று ஏர்கான் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகச் செய்து தருகிறேன் என்கிறார். கையில் அவ்வளவு பணம் இல்லை. அம்மா எங்களோடு இருக்கப்போகிறார், விடிகாலையில் வெந்நீர் இல்லாமல் அவருக்கு ஆகாது. எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம்? மீட்டர் பழசு என்பதால் பில் ஏறுகிறதா? அதை யார் மாற்ற வேண்டும், காசு யார் கொடுப்பது?

வயர்மேன்_தோபாயோ

தம்பி, முதலில் அந்தத் தொட்டி ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள், எக்ஸ்டென்ஷனைப் பிடுங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். சுவிட்ச் ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறிச் சூடாகிறது என்றால் உள்ளே வயரைக் கடித்துப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, மின்சாரம் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு போகிறது, பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கிறது. மூன்று முள் பிளக் கதை இன்னும் மோசம். இங்கே விற்கிற உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டுக்கு வகுத்துப் பாருங்கள், 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. பிளக் 13 ஆம்பியருக்குச் செய்தது. ஹீட்டருக்கென்று டிபியிலிருந்து தனி வயர் வந்து, 20 ஆம்பியர் இரட்டைமுனை சுவிட்சில் (லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுவது) முடிய வேண்டும், பிளக்கே இருக்கக் கூடாது.

இரண்டாவது, ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடும் சுவிட்ச். டிபி பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பீங்கான் பியூஸ் என்று சொல்வதைப் பார்த்தால் இருக்காது. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதற்கு முந்தின வீடுகளுக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் 2025 ஜூலை 1 வரை கெடு கொடுத்திருந்தது, அது தாண்டிவிட்டது. விற்றவர் போடவில்லை என்றால் இப்போது அது உங்கள் பொறுப்பு. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பியூஸ் வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஈரக் கையோடு ஒருவர் ஹீட்டரைத் தொட்டு உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போனால், அந்தக் கசிவு 30 மில்லியாம்பியரை எட்டும்போதே ஆர்சிசிபி வெட்டிவிடும். பியூஸ் அதைக் கவனிக்கவே கவனிக்காது. உடனடி ஹீட்டருக்குள்ளேயே ஒரு கசிவு வெட்டி இருக்கிறதே என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். அது அந்த ஹீட்டரை மட்டும் பார்க்கும், வாஷிங் மெஷினையும் ஃபிரிட்ஜையும் யார் பார்ப்பது?

ஆர்சிசிபி போட்ட அன்றைக்கே பழைய தொட்டி ஹீட்டரைப் போட்டதும் டிரிப் ஆகலாம், பயப்படாதீர்கள், எலக்ட்ரீஷியனையும் திட்டாதீர்கள். இத்தனை வருஷம் கசிந்துகொண்டிருந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் மெயின் சுவிட்சில் இருக்கிற அந்த 30 ஆம்பியர். அதில் நீங்கள் எடுக்கக்கூடியது மொத்தமே 6.9 கிலோவாட். இரண்டு உடனடி ஹீட்டர் ஒரே நேரத்தில் ஓடினால் 6.6 ஆகிவிட்டது, ரைஸ் குக்கர் போட்டால் மெயின் விழும். 1994க்கு முந்தின வீடுகளில் இப்படி 30 ஆம்பியர்தான் இருக்கும், நடுவில் மேம்பாடு செய்திருந்தால் 40. பழைய வீடுகளுக்கு வீவக நடத்துகிற வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் மின்சுமையைக் கூட்டுவதும் கட்டாய வேலைகளில் ஒன்று, குடிமக்களுக்கு அந்தச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. உங்கள் புளோக்குக்கு அது வந்துவிட்டதா, இனிமேல்தானா என்று வீவக கிளை அலுவலகத்தில் கேளுங்கள். வரப்போகிறது என்றால் காண்ட்ராக்டருக்கு அதற்காகத் தனியாகக் காசு கொடுப்பானேன்?

காண்ட்ராக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையைச் செய்து கையெழுத்துப் போடப்போகிற உரிமம் பெற்ற மின்பணியாளர் யார், உரிம எண் என்ன? ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மழுப்பினால் பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஈசூன்_அக்கா

வயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல் பாதுகாப்பு பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, நான் பில் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

தம்பி, பில்லில் அந்த யூனிட் எண்ணுக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து பார்ப்பார்கள், நடுவில் வருகிற மாதம் குத்துமதிப்பு. உங்கள் 240 அனேகமாக அதுதான். தாழ்வாரத்துக்குப் போய் மீட்டரைப் படம் எடுத்து, மின்சார பில் அனுப்புகிற எஸ்பி நிறுவனத்தின் செயலியில் சொல்கிற தேதிகளுக்குள் எண்ணை நீங்களே போட்டுவிடுங்கள். சாவி வாங்கிய அன்றைக்கு எடுத்த படம் இருந்தால் பத்திரமாக வையுங்கள், விற்றவர் கணக்கு எங்கே முடிந்தது, உங்களது எங்கே ஆரம்பித்தது என்று கேள்வி வந்தால் அது ஒன்றுதான் பேசும். அதிகமாகப் போட்டிருந்தால் அடுத்த உண்மையான ரீடிங்கில் கழிந்துவிடும், பணம் எங்கேயும் ஓடாது.

ஹீட்டர்தான் பில்லைத் தின்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 3.3 கிலோவாட் பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒரு குளியல் 16, 17 காசு. ஐந்து பேர் தினம் ஒரு தடவை குளித்தால் மாதம் 25 வெள்ளி. பழைய தொட்டியை நாள் பூரா போட்டே வைத்திருந்தால்தான் வம்பு, யாரும் குளிக்காமலே சூட்டைக் காப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் பக்கம் போய்விடும். அம்மாவுக்கு விடிகாலையில்தானே வேண்டும், எழுந்ததும் போட்டு, பல் தேய்த்துக் காபி குடித்து வருவதற்குள் சூடாகிவிடும், அணைத்துவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். பெரிய தீனிக்காரன் ஏர்கான்தான், அதற்கு ராத்திரி முழுக்க வேலை.

குடிமக்கள் இருக்கும் வீவக குடும்பங்களுக்குச் சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு மிச்சம் இருந்தால் தண்ணீர் சிக்கனமான ஷவர் தலைக்குப் பயன்படுத்தலாம். தண்ணீர் குறைந்தால் சுடவைப்பதும் குறைகிறது.

அமோகியோ_புதுசு

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இரண்டு ஹீட்டரையும் அணைத்தாச்சு, அம்மாவுக்கு இப்போதைக்கு அடுப்பில்தான் வெந்நீர். பில்லில் மதிப்பீடு என்றுதான் இருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. டெஸ்ட் பொத்தான் எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். மனைவிக்கு மழை மாதிரி கொட்டுமே அந்தப் பெரிய ஷவர் வேண்டும், உடனடி ஹீட்டரில் அது வருமா? சமையலுக்குக் குழாய் கேஸ் ஏற்கனவே இருக்கிறது, கேஸ் ஹீட்டர் போட்டால் இந்த 30 ஆம்பியர் தலைவலியே இல்லையே?

நீலச்சுடர்

கேஸ் போடுங்கள், நான் அந்தக் கட்சி. உடனடி மின் ஹீட்டரில் மழை ஷவர் நடக்காது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி பக்கம் வருவதால்தான் 3.3 கிலோவாட் நமக்குப் போதுகிறது. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் விட்டால் 15, 16 டிகிரி ஏற்றும், சுகமான சூடு. மழை ஷவர் ஒன்பது, பத்து லிட்டர் குடிக்கும், அதில் ஏறுவது ஐந்து டிகிரி. மனைவி திட்டுவது உங்களைத்தான்.

கேஸ் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும், ஒருவர் பின் ஒருவர் குளித்தாலும் தீராது, மெயினில் சுமையும் இல்லை, யூனிட் விலையும் மின்சாரத்தைவிடக் குறைவு. ஆனால் குளியலறைக்குள் வைக்கவே கூடாது, துணி காயப்போடும் பக்கம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், அங்கிருந்து வெந்நீர்க் குழாய் இழுக்க வேண்டும். அந்தக் குழாய் வேலைதான் செலவு. உரிமம் பெற்ற கேஸ் பணியாளர்தான் செய்ய வேண்டும், புகை வீட்டுக்குள் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

வயர்மேன்_தோபாயோ

கேஸ் தப்பில்லை, ஆனால் நீண்ட குழாயில் நிற்கிற பச்சைத் தண்ணீர் ஓடி முடிந்த பிறகுதான் வெந்நீர் வரும். விடிகாலையில் ஒரு வயசான அம்மா அதுவரை நனைந்துகொண்டு நிற்பார். என்னைக் கேட்டால் அம்மா குளியலறைக்கு உடனடி ஹீட்டர், தனி வயரில். உங்கள் பக்கம் மழை ஷவர்தான் வேண்டும் என்றால் புதிய தொட்டி அல்லது கேஸ்.

தொட்டியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், பொய்க்கூரையைத் திறந்து அழுத்தம் வெளியேற்றும் வால்வு இருக்கிறதா, அதன் குழாய் அடைபடாமல் வெளியே போகிறதா என்று உரிமம் பெற்ற பிளம்பரை விட்டுப் பாருங்கள். அது அடைத்து, தெர்மோஸ்டாட்டும் செத்தால் தொட்டி வெடிக்கும். முப்பது வருஷத் தொட்டி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், எடுத்துவிடுவேன்.

இன்னொன்று, ஏணி போட்டு நீங்களே சுவிட்ச் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய முறையில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். மும்முனை இணைப்பில் கறுப்பே லைவ். பாதி பழசு பாதி புதுசு இருக்கிற வீட்டில் நிறத்தை நம்பிக் கை வைத்தால் கெட்டோம். முழு வயரிங் வேண்டுமா என்பதை வயரின் உறை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை சொல்லட்டும், காண்ட்ராக்டர் சொல்ல வேண்டாம்.

தட்டு_சுற்றுது

மீட்டரைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே. அது உங்கள் சொத்து இல்லை, எஸ்பியுடையது. படிப்படியாக நவீன மீட்டராக மாற்றி வருகிறார்கள், அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். வந்துவிட்டால் அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு போகிறது என்று செயலியிலேயே பார்க்கலாம். சீலை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள், காண்ட்ராக்டர் ஆளையும்தான்.

பழைய மீட்டர் என்பதாலேயே கூடுதலாக ஓடும் என்று இல்லை. நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் உட்பட. தட்டு நிற்க வேண்டும். அதில் ஒரு கறுப்பு அல்லது சிவப்புக் கோடு இருக்கும், அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால் எங்கேயோ ஏதோ இழுக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் அதைச் சொல்லுங்கள். அப்புறம், மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று அச்சடித்திருக்கும். 375 என்று வைத்துக்கொள்வோம். 3.3 கிலோவாட் ஹீட்டர் மட்டும் ஓடினால் தட்டு நிமிடத்துக்கு இருபது சுற்றுக்குக் கொஞ்சம் மேல் போக வேண்டும். முப்பது போனால் மீட்டரைச் சந்தேகப்படலாம். ஆனால் இந்தச் சோதனையைப் புது வயரில் ஹீட்டர் மாட்டிய பிறகு செய்யுங்கள், அந்த வெந்த சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அமோகியோ_புதுசு

எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன், தட்டு நின்றுவிட்டது. ரீடிங்கும் படத்தோடு போட்டாச்சு. காண்ட்ராக்டரிடம் உரிம எண் கேட்டேன், "அதெல்லாம் நம்ம ஆள்தான், கவலைப்படாதீங்க" என்கிறார். வேறு ஆளைப் பார்க்கிறேன். வீவக கிளைக்குத் திங்கட்கிழமை போகிறேன். மழை ஷவர் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.