ஆற அமரக் கேட்கத் தக்க தமிழ் நேர்காணல்கள் எவை?

கோண்டாவில் வாசகி:
வணக்கம். வேலை நிமித்தம் நாள்தோறும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பேருந்தில் சென்று வருகிறேன். ஓடும் பேருந்தில் வாசித்தால் தலை சுற்றுவதால் கேட்பதுதான் வசதி. ஆனால் பொட்காஸ்ட் என்று தேடினால், திரைப்பட விளம்பரத்துக்கு வந்த நடிகர்களின் அரட்டையும் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்வோரின் உபதேசமுமே முன்னால் வந்து நிற்கின்றன. விருந்தினரைப் பற்றி முன்கூட்டியே அறிந்து வந்து வினவுகின்ற, பிறகு அவரை இடைமறிக்காமல் பேச விடுகின்ற நேர்காணல்களைப் பரிந்துரைப்பீர்களா? பார்வை மங்கிய அம்மாவும் மாலையில் என்னோடு இருந்து கேட்பார்.

அளவெட்டியான்:
அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பிலிருந்து தொடங்குங்கள். வானொலியில் போன நேர்காணல்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பொட்காஸ்டில் ஏற்றுகிறார்கள். ஈழத்தவரும் தமிழகத்தவரும் விருந்தினராக வருகிறார்கள். பல துண்டுகள் சிறியவை என்பதால், பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

நல்லூர் நூலகப்பிரியன்:
நீங்கள் கேட்ட பொறுமை நூலக நிறுவனத்தின் ஆவணகம் என்ற பல்லூடகத் தளத்திலுள்ள வாய்மொழி வரலாறுகளில் இருக்கிறது. அவற்றைப் பொட்காஸ்ட் என்று எவரும் அழைப்பதில்லை. சிலவற்றில் ஒலித்தரமும் சுமார்தான். ஆயினும் ஒருவர் தம் ஊரையும் தொழிலையும் பற்றித் தம் பேச்சு வழக்கிலேயே, நினைவு வந்த ஒழுங்கில், அவசரமின்றிச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது. கேள்வி கேட்பவரின் குரல் அரிதாகவே குறுக்கிடும். மெருகூட்டிய நிகழ்ச்சிகளைவிட இவற்றையே நான் மேலாக மதிக்கிறேன்.

பழைய நேயர்:
1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பி.பி.சி. தமிழோசை கேட்ட தலைமுறை எங்களுடையது என்பதால், என் பரிந்துரையில் பாசம் கலந்திருக்கலாம். 1941இல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம், 2017 ஏப்ரல் 30உடன் அதன் வானொலி ஒலிபரப்பு நின்றது. அதன் செவ்விகள் செய்திகளுக்கிடையே சில நிமிடங்களில் முடிபவை. ஆகவே நூலகப்பிரியன் சொல்லும் நிதானத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நழுவ முயலும் அரசியல்வாதியை ஒரே துணைக்கேள்வியால் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதை அங்கேதான் கேட்டறியலாம்; குறுக்கீடு எப்போதும் குற்றமன்று.

அம்மாவுக்கென்றால், இலங்கை வானொலியில் புகழ்பெற்ற பி. எச். அப்துல் ஹமீத் தம் ஒலிபரப்பு அனுபவங்களைச் சொல்லும் நேர்காணல்களை யூரியூப்பில் தேடிப் போட்டுக் கொடுங்கள். நேயர்கள் தாமாக ஏற்றும் பழைய ஒலிப்பதிவுகளில் ஆண்டும் நிகழ்ச்சிப் பெயரும் பெரும்பாலும் இராது. தலைப்பை நம்பாமல் உள்ளே சொல்லப்படும் செய்தியைக் கொண்டு காலத்தைக் கணித்துக்கொள்ளுங்கள்.

கோண்டாவில் வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு அப்துல் ஹமீத், எனக்கு ஆவணகம் என்று பிரித்துக்கொள்கிறேன். வழியில் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடுகிறது. அதற்கு என்ன செய்வது?

அளவெட்டியான்:
எஸ்.பி.எஸ். நிகழ்ச்சிகளை ஏதேனும் பொட்காஸ்ட் செயலியில், வீட்டு வைபையில் இருக்கும்போதே தரவிறக்கி வைத்துவிடுங்கள். பேருந்தில் இணைப்பே தேவைப்படாது.