தினமும் எழுதுகிறேன், படித்துச் சொல்ல ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். ஜூன் 12, மேட்டூர் அணை திறந்த அன்று, தினமும் ஒரு பக்கம் எழுதத் தொடங்கினேன். குறுவைப் பயிர் இப்போது சூல் கட்டி நிற்கிறது. எனக்கும் 74 பக்கம் சேர்ந்திருக்கிறது.

பலன் இருக்கிறது. முன்பு முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆகும். இப்போது உட்கார்ந்ததும் வந்துவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. வயல் வந்த இடமெல்லாம் ‘பச்சைப் பசேல்’. நாற்றங்காலின் இளம்பச்சை, நட்ட புதிதில் வெளுத்து நிற்கும் பச்சை, தூர் கட்டியபின் வரும் கரும்பச்சை, மூன்றையும் தினம் பார்க்கிறவன் நான். எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஒற்றுப்பிழையும் உண்டு. ‘வயலுக்குப் பாய்ந்தது’ என்றால் ஒற்று மிகும், ‘வயலில் பாய்ந்தது’ என்றால் மிகாது என்று தெரியும். வேகத்தில் அதுவும் தவறுகிறது.

வாரம் ஒரு பக்கம் படித்து, எங்கே அலுத்தது என்று தயங்காமல் சொல்ல யாராவது முன்வருவீர்களா? உங்கள் பக்கத்தை நானும் அதே கவனத்தோடு படிப்பேன்.

அப்புறம், நெடுநாளாக எழுதுகிறவர்கள் ஒன்று சொல்லுங்கள். பழைய பக்கத்தைத் திருத்துவதும் அன்றைய பயிற்சிக் கணக்கில் சேருமா, புதிதாகத்தான் எழுத வேண்டுமா? ஒரு வாரம் திருத்திப் பார்த்தேன், அப்போதுதான் அதிகம் கற்றேன். ஆனால் அந்த வாரம் புதிதாக ஒரு வரியும் வரவில்லை.

அறுப்பு தொடங்கினால் இரவில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. அதற்குள் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்.