மஞ்சள் சாறு: ஈ.கோலையில் வளையமே விழவில்லை

கேட்டவர் (பினாங்கு): சௌராஸ்தா சந்தை மஞ்சளைக் காயவைத்து எத்தனாலில் சாறெடுத்து, தண்ணீர் கலந்த 10% டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தேன். கிருமி பூசிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் வைக்கும் 6 மி.மீ. காகித வட்டில் 20 மைக்ரோலிட்டர் விட்டேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் 8 மி.மீ. வளையம் (வட்டைச் சுற்றிக் கிருமி வளராத இடம்), ஈ.கோலை பாக்டீரியாவில் ஒன்றுமில்லை. சாறுக்கு வீரியம் இல்லையா?

பதில் 1: அப்படி முடிவு கட்டாதே தம்பி. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. 10% டிஎம்எஸ்ஓவில் வீழ்படிவாகிவிடும். கரைந்த கொஞ்சமும் அகாரில் சரியாகப் பரவாது. எத்தனாலிலேயே கரைத்து வட்டில் விட்டு, நன்றாக உலர்த்தி வை. ஒப்பிட வெறும் எத்தனால் விட்ட வட்டும் கட்டாயம். ஈ.கோலையின் வெளிச்சவ்வும் சாறு உள்ளே போகாமல் தடுக்கும். அகார் 4 மி.மீ. தடிமன், கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லேண்ட் (கலங்கல் அளவுகோல்) இருக்கட்டும், கிருமி அடர்த்தி கூடினால் வளையம் சுருங்கும்.

பதில் 2: வளையத்தை விட்டுவிட்டு 96 குழித் தட்டில் எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். தூய டிஎம்எஸ்ஓவில் கரைத்து, குழியில் அது 1% தாண்டாமல் பாதி பாதியாக நீர்த்துப் போங்கள். கிருமி மி.லி.க்கு 5 லட்சம். மஞ்சள் நிறத்தில் கலங்கல் தெரியாது, ரெசசுரின் (உயிருள்ள கிருமி இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் சாயம்) சேருங்கள். ஆனால் மஞ்சள் நிறம் கலந்து நீலம் பச்சையாகவும் இளஞ்சிவப்பு ஆரஞ்சாகவும் தோன்றிக் குழப்பும். கிருமி இல்லாமலே சாறு சாயத்தை ஒடுக்கி நிறம் மாற்றவும் கூடும். கிருமியில்லாத சாறுக் குழி வரிசை இல்லாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

பதில் 1: தட்டை அலுமினியத் தாளில் சுற்று, வெளிச்சத்தில் குர்குமின் சிதையும். நம்மூர் ஈரக்காற்றில் மஞ்சளை வெளியே காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 40 டிகிரி உலர்த்தும் அடுப்பே மேல்.