புதுப்பிப்பு: கலங்கிய 60 லிட்டர் மீன்தொட்டி, ஆறு வாரம் கழித்து

முன்பு கேட்டது: புதுத் தொட்டியில் இரண்டு தங்கமீன், நான்கு கப்பி. மூன்றாம் நாளே தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

இப்போது அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு).

கலங்கல் வெறும் பாக்டீரியாப் பெருக்கம், தானே தெளிந்துவிடும். மீனை வாட்டியது மீன்கழிவிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. அதை நைட்ரைட்டாக்கி, பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவியதுதான் பெரிய தப்பு. குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட, கணக்கு மறுபடி முதலிலிருந்து.

சரிசெய்த விதம்: அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம் தாண்டிய நாளெல்லாம் பாதித் தண்ணீர் மாற்றம். இப்போது வாரம் ஒருமுறை கால்பங்கு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது. அதற்கு சோடியம் தயோசல்ஃபேட் கலந்த கண்டிஷனர் (தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக்கும் மருந்து) வேண்டும்.

இரண்டு பாட்டில் சொட்டு மருந்தால் செய்யும் நைட்ரேட் சோதனையில் இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். அடியில் படிந்தது கலக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

தங்கமீன்கள் வேறு பெரிய தொட்டிக்குப் போயாயிற்று. 15 செ.மீ. தாண்டி வளரும் மீனுக்கு 60 லிட்டர் எந்த மூலைக்கு? கப்பிகளுக்கு இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு தீனி, 25 டிகிரி வெப்பம்.