காசநோய்க்கு ஏன் ஆறு மாத மருந்து?

செந்தூல் தம்பி:
அப்பாவுக்கு நுரையீரலில் காசநோய் என்று போன வாரம் உறுதியானது. தினமும் கிளினிக்கில் தாதி முன்னால்தான் மாத்திரை விழுங்க வேண்டும், அதுவும் ஆறு மாதம். மற்றக் கிருமிகளுக்கு ஒரு வாரம் போதுமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு? சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, பயமாக இருக்கிறது. வீட்டில் இரண்டு வயது மகள் வேறு.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, அந்த நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையால் வருவது, பயப்படாதீர்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள், ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். காசநோய்க் கிருமி மைக்கோபாக்டீரியா என்ற இனம், அதற்கு மெழுகு போன்ற உறை உண்டு, சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும் என்றால் காசநோய்க் கிருமிக்கு 20 மணி நேரம்கூட ஆகும், சில உடம்புக்குள் சும்மா தூங்கிக் கிடக்கும், தூங்குகிறவற்றை மருந்து லேசில் கொல்லாது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு. என் மாமா இருமல் நின்றதும் நிறுத்திவிட்டார். மறுபடி வந்தபோது பழைய மருந்து கேட்கவில்லை.

பங்சார் வாசி:
மகளை உடனே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் வகையை அது நன்றாகத் தடுக்கும், முழுக் காப்பு இல்லை. இது காற்றில் பரவுவது, தட்டு குவளையில் இல்லை, அப்பாவுக்குத் தனித் தட்டு வைத்து நோகடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தொழுநோய்க் கிருமியும் இதே இனம்தான், அந்த நோய்க்காக 1930இல் கோலாலம்பூர் பக்கம் சுங்கை பூலோவில் ஒரு குடியிருப்பே கட்டி மனிதர்களை ஒதுக்கி வைத்தார்கள்.

செந்தூல் தம்பி:
தனித் தட்டு ஏற்கெனவே வைத்துவிட்டோம். இன்றே எடுத்துவிடுகிறேன். மகளை நாளைக் காலை அழைத்துப் போகிறேன், நன்றி அக்கா, அண்ணே.