‘டைம்சோன்’ என்ற பெயரை நம்பி ஏமாந்த அனுபவம் உண்டா?

பதிவு 1

லினக்ஸில் ஆண்டுக்கணக்கில் ஓடிய சி நிரலை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு மாற்றியபோது நடந்தது இன்னும் உறுத்துகிறது. நேர மண்டல அமைப்பைப் படிக்கும் டிஇசட்செட் ஃபங்ஷனை அழைத்துவிட்டு, உள்ளூர் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து எத்தனை நொடி விலகியுள்ளது என்று சொல்லும் ‘டைம்சோன்’ என்ற குளோபல் மாறியை லாங் என்ற முழு எண் வகையில் வாங்கிக் கணக்கிடுவது எங்கள் வழக்கம். கம்பைலர் எச்சரித்தது, மற்ற எச்சரிக்கைகளோடு அதையும் கடந்துவிட்டேன். லாகில் பதிவான நேரங்கள் உலகின் எந்த நேர மண்டலத்துக்கும் பொருந்தவில்லை. டிபக்கரில் அதை அச்சிட்டபோது, நொடிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனின் முகவரி திரையில் நின்றது. அப்போதைய ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் பெயர் மாறியே அல்ல, பழைய யூனிக்ஸிலிருந்து வந்த ஃபங்ஷன்.

பதிவு 2

லினக்ஸிலாவது அந்த நிரல் சரியாக ஓடியது என்பதை நான் ஏற்கவில்லை. அந்த மாறி கோடைகால நேர மாற்றத்தைச் சேர்ப்பதில்லை. நான் அதை நீக்கி, பிரித்த நேரத்தை வைத்திருக்கும் டிஎம் கட்டமைப்பில் யுடிசி விலகலைத் தரும் டிஎம்_ஜிஎம்டிஆஃப் உறுப்பைப் பயன்படுத்தினேன். ஆனால், மாறியில் மேற்கு நேர்மறை, இந்த உறுப்பில் கிழக்கு நேர்மறை என்பதை மறந்தேன். சோதனைக் கணினி யுடிசியில் இருந்ததால் விலகல் 0. எல்லாச் சோதனைகளும் தேறின. +1 மணி மண்டலத்தில் நிறுவியதும், −3600 வரவேண்டிய இடத்தில் 3600 வந்து, நேரம் இரண்டு மணி பிசகியது.

பதிவு 3

அந்த உறுப்பையும் எல்லா இடத்திலும் நம்ப இயலாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் அது சேர்ந்ததே 2024 பதிப்பில்தான். விண்டோஸின் சி நூலகத்தில் அது இல்லை. அதனால் நான், ஒரு கணத்தை யுடிசி நேரமாகப் பிரிக்கும் ஜிஎம்டைம் தந்ததை, உள்ளூர் நேரத்தை மீண்டும் கணமாக்கும் எம்கேடைமிடம் கொடுத்து, மூலக் கணத்தோடு வித்தியாசம் எடுத்தேன். குளிர்காலம் முழுதும் சரியாக இருந்தது, கோடைகால நேரம் தொடங்கிய நாளில் ஒரு மணி தவறியது. கோடைகால நேரமா என்று காட்டும் டிஎம்_ஐஎஸ்டிஎஸ்டி உறுப்பை ஜிஎம்டைம் 0 ஆக்குவதால், எம்கேடைம் அதைச் சீர்நேரம் என்று கொள்கிறது.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஒரே கணத்தை, உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைம், ஜிஎம்டைம் இரண்டாலும் பிரித்து, நாள், மணி, நிமிட வித்தியாசங்களை நீங்களே கூட்டுங்கள், எம்கேடைமிடம் திரும்பிப் போகவேண்டாம். இரண்டும் ஒவ்வொரு அழைப்பிலும் மேலெழுதப்படும் ஒரே ஸ்டாட்டிக் இடத்தைத் திருப்பித் தரக்கூடும் என்பதால், முதல் விடையை நகலெடுத்த பிறகே இரண்டாவதை அழையுங்கள். ஆண்டுகள் வேறுபட்டால் நாள் வித்தியாசத்தை ஆண்டை வைத்தே +1 அல்லது −1 எனக் கொள்ளுங்கள். இல்லையேல் டிசம்பர் 31 இரவில் விடை சிதறும். நேபாளத்தின் விலகல் +5:45 ஆகையால் நிமிடங்களையும் விடாதீர்கள். நேரத்தை எழுத்துகளாக்கும் எஸ்டிஆர்எஃப்டைமின் சிறிய எழுத்து ‘%z’ போதுமே என்று எழுத வருபவர்களுக்கு: பழைய விஷுவல் சி அங்கே எண்ணைத் தராமல் மண்டலத்தின் பெயரையே எழுதும்.